வீட்டுக்காரரைப் பற்றி விசாரிக்கலாமா?

வாடகைக்கு வீடு தேடிச் செல்பவர், வீட்டைப் பார்ப்பதற்கு முன்னரே வீட்டுக்காரரால் பார்க்கப்படுகிறார். எந்த ஊர், என்ன உத்தியோகம், எத்தனை பிள்ளைகள், முன்பு எங்கே இருந்தீர்கள், அங்கிருந்து ஏன் எழும்புகிறீர்கள் என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். யாழ்ப்பாணத்தில் இன்னுமொரு கேள்வி உண்டு. "ஊரில் எந்தப் பக்கம்?" என்பார்கள். அது திசையைப் பற்றிய கேள்வி அன்று என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கொழும்பிலே அடையாள அட்டையின் பிரதியும் வேலைத்தலத்துக் கடிதமும் வேண்டும். இவையெல்லாம் போதாதென்று பங்குச் சுவாமியாரின் நற்சான்றுப் பத்திரம் கேட்போரும் உளர். "சுவாமி, வீட்டுக்காரர் ஒரு கடிதம் கேட்கிறார், எழுதித் தாங்கோ" என்று அறைவீட்டுக்கு வருவோருக்குக் குருக்கள் காலங்காலமாகக் கடிதம் எழுதிக் கொடுத்து வருகிறார்கள். ஆனால், "சுவாமி, நாங்கள் போகப்போகிற வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்? முன்பு இருந்த ஆக்களிடம் விசாரிக்கலாமோ?" என்று கேட்டு வருவோர் அரிதிலும் அரிது.

விசாரித்தால் என்ன பிழை? இக்கேள்வியை நாலு பேர் கூடிய இடத்தில் போட்டுப் பாருங்கள். "வாடகைக்கு வாறவர் வீட்டுக்காரரை விசாரிக்கிறதோ!" என்ற வியப்பே முதலில் எழும். வீடு அவருடையது, விரும்பினால் இரு, விரும்பாவிட்டால் வேறு வீடு பார் என்பார்கள். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் போய்க் கேட்பது கோள் தேடுகிற வேலை, கிறிஸ்தவர்களுக்கு அழகல்ல என்று சொல்லும் பக்திமான்களும் உண்டு.

இப்படிச் சொல்வோர் மத்தேயு சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. நம் ஆண்டவர் பன்னிருவரையும் ஊர்களுக்கு அனுப்பும்போது, எந்த நகருக்கோ ஊருக்கோ போனாலும் அங்கே தகுதியுள்ளவர் யாரென்று விசாரித்து, புறப்படும் வரையில் அவரிடத்திலேயே தங்கும்படி கற்பிக்கிறார். பணமில்லாமல், பையில்லாமல், மாற்றுடை கூட இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். தங்க இடம் தருகிறவரை நோக்கிக் கேள்வி கேட்கும் நிலையில் இல்லாதவர்கள் என்று நாம் நினைப்போம். ஆண்டவரோ, கேட்டறிந்து போங்கள் என்கிறார். கூரைக்காகக் காத்து நிற்பவன் கூரையின் சொந்தக்காரரைப் பற்றி விசாரிப்பதில் அவர் துடுக்குத்தனம் எதையும் காணவில்லை.

வீட்டுக்காரர் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. இந்நாட்டில் 1948 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், பின்னர் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டமும் குடியிருப்பவரை எளிதில் எழுப்ப முடியாதபடி செய்தன. 1973 இல் வந்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டமோ, ஒருவரிடம் மேலதிகமாக உள்ள வீட்டை அதிலே குடியிருப்பவரே வாங்குவதற்கு வழி திறந்தது. ஏழைக் குடியிருப்பாளருக்கு இவை பெரிய பாதுகாப்பாயிருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால், ஓய்வூதியப் பணத்தில் ஒரேயொரு வீட்டைக் கட்டி, அதை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, மகளின் கலியாணத்துக்குத் திருப்பி எடுக்க முடியாமல் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்காக ஏறி இறங்கியவர்களும் இருந்தார்கள். அந்த நினைவு அடுத்த தலைமுறைக்கும் இறங்கியிருக்கிறது. தெரியாதவனுக்குத் திறப்பைக் கொடுக்காதே என்று தகப்பன் சொன்னதை மகன் மறக்கவில்லை. குத்தகைக் காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை விரைவில் மீட்பதற்கு 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் இப்போது வழி செய்துள்ளது. ஆகவே வீட்டுக்காரர் கேட்கட்டும், விசாரிக்கட்டும். அது அவருக்குள்ள உரிமை.

ஆனால் அவர் கேட்பதற்குச் சொல்லும் காரணம் என்ன? "என் பொருளை முன்பின் தெரியாதவர் கையில் ஒப்படைக்கிறேன்" என்பதுதானே. அந்தக் காரணம் மறுபக்கத்துக்கும் அப்படியே பொருந்தும். குடிவருபவர் வெறும் வாடகையை மட்டும் கொடுத்து வீட்டை அனுபவிக்கிறார் என்று எண்ணுவது தவறு. முதலாவதாக, அவர் கொடுக்கும் முற்பணம் இருக்கிறது. 1972 ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கலாகாது என்று விதித்தது. அச்சட்டம் எல்லா வீடுகளுக்கும் பொருந்துவதில்லை. பின்வந்த திருத்தங்கள் அதன் எல்லையை மேலும் சுருக்கின. இன்று ஆறு மாதம், ஒரு வருடம், சில இடங்களில் இரண்டு வருடம் என்று கேட்கிறார்கள். அது பெரும்பாலும் நகையை அடகு வைத்துக் கொண்டுவந்த பணம். பிறகு தண்ணீர், மின்சாரம், மலசலகூடம் எல்லாம் வீட்டுக்காரரின் மனம் போலத்தான். ஒரே வளவுக்குள் அவரும் இருந்தால், பாடசாலையால் வரும் பெண்பிள்ளை அவர் முற்றத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அவரிடம் இன்னொரு திறப்பு இருக்கிறது. இத்தனையையும் ஒரு குடும்பத் தலைவன் ஒருவர் கையில் ஒப்படைக்கிறான்.

யுத்த காலத்தில் கொழும்பில் வாழ்ந்த எம்மவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறை கிடைத்தால் போதாது. வீட்டுக்காரர் பொலிசில் பதிந்து கொடுப்பாரா, இரவில் வந்து தட்டினால் இவர் எம் வீட்டில்தான் இருக்கிறார் என்று வாய்திறந்து சொல்வாரா என்பதே பெரிய கேள்வியாயிருந்தது. 2007 யூன் 7 ஆந் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூறு பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்நாட்களில் வாடகை அறையில் இருந்தவருக்கு வீட்டுக்காரரின் குணம் என்பது வெறும் வசதி பற்றிய விஷயமாக இருக்கவில்லை.

எமக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் இடமாற்றம் பெற்று வேறோர் ஊருக்குப் போனார். பாடசாலைக்குக் கிட்ட நல்ல கல்வீடு, நல்ல தண்ணீர். ஒரு வருட முற்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு குடிபுகுந்தார். ஐந்தாம் மாதம் ஐரோப்பாவிலிருந்து ஒருவர் உறுதியோடு வந்து, வீடு தம்முடையது என்றார். வாடகைக்குக் கொடுத்தவர் அவருடைய தங்கையின் கணவர். வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லப்பட்டிருந்தாரேயன்றி வாடகைக்குக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கவில்லை. வந்தவர் கெட்டவர் அல்லர், எழும்புவதற்கு இரண்டு மாதத் தவணை கொடுத்தார். முற்பணமோ ஏற்கெனவே ஒரு முச்சக்கர வண்டியாகி வீதியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியர் சாமான்களைக் கட்டும்போது பக்கத்து வீட்டார் வந்து உதவி செய்தார்கள். மாலைதோறும் செபமாலை தவறாத குடும்பம். அப்போது அவர்கள் சொன்னார்கள்: "எங்களுக்கு அப்பவே தெரியும் மாஸ்ரர். முந்தியும் ஒரு குடும்பம் இப்படித்தான் எழும்பினது. ஏன் சொல்லிப் பகை தேடுவான் எண்டு இருந்திட்டம்."

இந்த ஒரு வசனத்தில்தான் முழுக் கேள்வியும் இருக்கிறது. வாடகைக்கு வருபவருக்கு விசாரிக்கும் உரிமை உண்டா என்று தர்க்கம் செய்துகொண்டே இருக்கலாம். உரிமை உண்டென்று முடிவு கட்டினாலும், விசாரிக்கப்படுகிறவர் வாயைத் திறக்காவிட்டால் அந்த உரிமையால் ஒரு சதத்துக்கும் பிரயோசனமில்லை. அயலவரும் முன்பு குடியிருந்தவரும் ஏன் பேசுவதில்லை? பகைக்குப் பயம் என்பது ஒரு காரணம். மற்றது, அது பாவம் என்ற எண்ணம். பிறர் குறையைப் பேசக்கூடாதென்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தோமே!

படித்தது சரி. ஆனால் முழுவதையும் படிக்க வேண்டும். எட்டாம் கட்டளைக்கு விரோதமான பாவங்களைத் திருச்சபையின் ஒழுக்கவியல் வேறுபடுத்திக் காட்டுகிறது. இல்லாததைச் சொல்லி ஒருவருடைய பெயரைக் கெடுப்பது அவதூறு. அது எப்போதும் பாவம், எந்தக் காரணமும் அதை நியாயப்படுத்தாது. உள்ளதையே ஆனாலும், மறைந்திருக்கிற ஒரு குறையை, அறியாதவரிடம், தகுந்த காரணமின்றி வெளியிடுவது புறங்கூறல். 1992 இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் புறங்கூறலை இவ்வாறுதான் விளக்குகிறது. "தகுந்த காரணமின்றி" என்பது இங்கே அலங்காரத்துக்குப் போட்ட சொல் அன்று. நிரபராதியான ஒருவருக்கு வரவிருக்கும் சேதத்தைத் தடுப்பது தகுந்த காரணம் என்பதே குருமடங்களில் தலைமுறை தலைமுறையாகப் படிப்பிக்கப்பட்ட பாடம். அச்சந்தர்ப்பத்தில் சொல்வது பாவம் அன்று. மௌனமாயிருப்பதே சில வேளை பாவமாகலாம்.

கலியாண விஷயத்தில் இதை நாம் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறோம். கோயிலில் திருமண அறிவித்தல் வாசிக்கப்படும்போது பெண்ணின் பெயரும் வாசிக்கப்படுகிறது, மாப்பிள்ளையின் பெயரும் வாசிக்கப்படுகிறது. தடை ஏதும் தெரிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தைக்கோ ஆயருக்கோ அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1069 ஆம் இலக்கம் சொல்கிறது. "பகை தேடுவான் ஏன்" என்று இருந்துவிட அங்கே இடமில்லை. கோயிலுக்கு வெளியிலும் இரண்டு பகுதியாரும் ஆள்விட்டு விசாரிக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் மட்டும்தான் விசாரிக்கலாம், பெண் வீட்டார் வாய் திறக்கக்கூடாது என்று எந்த ஊரிலும் இல்லை. வீடு வாடகைக்கு எடுப்பது கலியாணம் அன்றுதான். ஆனால் ஒரு வருடம், இரண்டு வருடம் ஒரு குடும்பத்தின் நிம்மதி அதிலே தங்கியிருக்கிறது.

அப்படியானால், வீட்டுக்காரர் தம்மைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் தாமே சொல்லக் கடமைப்பட்டவரா? இது பழைய வழக்கு. கி.மு. 44 இல் உரோமை அறிஞர் சிசரோ தம் மகனுக்காக எழுதிய 'கடமைகள்' என்ற நூலில் ஒரு வீட்டின் கதை வருகிறது. ஒருவன் வீட்டை விற்கிறான். வீடு சுகாதாரத்துக்குக் கேடானது, அறைகளில் பாம்பு வருகிறது, மரங்கள் உளுத்தவை. அவனைத் தவிர வேறெவருக்கும் இது தெரியாது. சொல்ல வேண்டுமா? வாங்கும்படி நான் வற்புறுத்தவில்லை, சொல்லாமல் விடுவது வேறு, மறைப்பது வேறு என்று தியோஜெனஸ் என்ற ஞானி வாதிடுகிறார். அவருடைய மாணாக்கரான அந்திப்பாத்தர், அறியாமல் படுகுழிக்குள் போகிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்பது வழிதவறியவனுக்கு வழி காட்டாததிலும் கேடு என்கிறார். சிசரோ மாணாக்கரின் பக்கம் நிற்கிறார். அதே பெயரில் தம் குருக்களுக்காக நூல் எழுதிய மிலான் ஆயர் புனித அம்புரோசும், ஒப்பந்தங்களில் குறைகளை வெளிப்படுத்த வேண்டும் என்றே கற்பிக்கிறார். அவரை மேற்கோள் காட்டும் புனித அக்குவீனா தோமையார் ஒரு வரம்பையும் இடுகிறார். கண்ணுக்குத் தெரிகிற குறையை விற்பவன் வாயால் சொல்லத் தேவையில்லை. ஒற்றைக்கண் குதிரையை வாங்குபவன் தானே பார்த்துக்கொள்ளலாம், விலை அதற்கேற்றபடி குறைந்திருந்தால் போதும். ஆனால் சேதமோ ஆபத்தோ விளைவிக்கக்கூடிய மறைந்த குறையைச் சொல்லியே ஆக வேண்டும்.

இதை நம் ஊர் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். சுவரில் வெடிப்பு இருக்கிறது, கூரையில் ஓடு நழுவியிருக்கிறது என்பதை வருபவர் பார்த்துக்கொள்வார். மாரியில் வந்து பார்க்கிறவருக்கு, அந்தக் கிணறு ஆவணியில் சவராகிவிடும் என்பது எப்படித் தெரியும்? சுன்னாகத்துப் பக்கம் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த விவகாரம் 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. அந்த நாட்களில் அப்பகுதியில் வீடு கொடுத்தவர், கிணற்றைப் பற்றி வாய் திறக்காமல் வாடகை பேசியிருந்தால் அதற்குப் பெயர் சாமர்த்தியமா?

இங்கே ஒருவர், குறை வீட்டில் இருந்தால் சொல்லலாம், வீட்டுக்காரரின் குணத்தை எதற்காக இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். விற்பனைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். வீட்டை வாங்கியவர் விற்றவரின் முகத்தை மறுபடி பார்க்கத் தேவையில்லை. வாடகைக்கு எடுப்பவருக்கோ வீட்டோடு வீட்டுக்காரரும் சேர்ந்தே கிடைக்கிறார். மாதாமாதம் அவரோடு முகம் பார்த்துப் பேச வேண்டும். கூரை ஒழுகினால் திருத்துவதும் திருத்தாமல் விடுவதும் அவர். ஆகவே குடியிருப்பவரோடு அவர் எப்படி நடக்கிறார் என்பது, அவர் கொடுக்கிற பொருளின் ஒரு பகுதி. கிணறு எப்படியோ அப்படி.

முன்பு இருந்தவர் கோபத்தோடு எழும்பியவராக இருந்தால், அவர் சொல்வதை எப்படி நம்புவது? நியாயமான கேள்வி. சில குடியிருப்பாளர் ஆறு மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு, போகிற இடமெல்லாம் வீட்டுக்காரரைத் தூற்றுவார்கள். இதற்குப் பழைய ஏற்பாடே மருந்து தந்திருக்கிறது. ஒரே சாட்சியின் வாக்கை வைத்து எவனையும் தீர்க்காதே, இரண்டு மூன்று பேர் வேண்டும் என்று உபாகமம் விதிக்கிறது. அதிலும் முக்கியம், கேட்கிற கேள்வி. "ஆள் எப்படி?" என்று கேட்டால் மனதிலுள்ள கசப்பெல்லாம் வெளியே வரும். "எழும்பும்போது முற்பணத்தைத் திருப்பித் தந்தாரா? எத்தனை நாளில்? வாடகைக்குப் பற்றுச்சீட்டுத் தந்தாரா? பேசின தவணைக்கு நடுவில் கூட்டிக் கேட்டாரா? கரண்டை, தண்ணீரை எப்போதாவது நிறுத்தினாரா? நீங்கள் இல்லாத நேரம் உள்ளே வந்தாரா?" என்று கேளுங்கள். இவற்றுக்குக் கோபக்காரனாலும் ஆம், இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும். கடைசிக் கேள்வி சில்லறை விஷயம் என்று யாராவது நினைத்தால், அதே உபாகமத்தின் 24 ஆம் அதிகாரத்தைப் பார்க்கட்டும். கடன் கொடுத்தவன் அடகை எடுப்பதற்குக்கூடக் கடன்காரனுடைய வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நின்று அவன் கொண்டுவந்து தருவதை வாங்க வேண்டும் என்பது மோயீசன் காலத்துக் கட்டளை.

கேட்கக்கூடாதவையும் உண்டு. வீட்டுக்காரர் எந்தப் பகுதி ஆள், அவருடைய தாய்வழி என்ன, அவருடைய தமக்கை ஏன் கலியாணம் செய்யவில்லை என்பவை வாடகைக்குச் சம்பந்தமில்லாதவை. சாதியைக் கேட்டு வீட்டை மறுக்கும் வீட்டுக்காரரை நாம் கண்டிக்கிறோம் என்றால், அதே விஷத்தை எதிர்ப்பக்கமாகப் பாய்ச்சுவதற்கு நமக்கு அனுமதியில்லை. சில விஷயங்கள் இடத்தைப் பொறுத்தவை. வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் இருக்கிறது. அவர் வேறு ஊரில் இருந்தால் அது அவருக்கும் அவருடைய பாவசங்கீர்த்தனத்துக்கும் உள்ள விஷயம். ஒரே வளவில் இருந்து, வருகிற குடும்பத்தில் குமர்ப்பிள்ளைகள் இருந்தால், கேட்டவருக்குச் சொல்லத்தான் வேண்டும். அவருக்குக் கடன் இருக்கிறது என்பது நமக்கு வேண்டாத கதை. அந்த வீடே கடனுக்கு ஈடாக நிற்கிறதென்றால் அது வேண்டிய கதை. குருக்களைப் பொறுத்தவரையில் ஒன்று சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதையும், இரகசியமாக நம்பி ஒப்படைக்கப்பட்டதையும் எந்தக் காரணத்துக்காகவும் எம்மிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஊரறிந்ததை மட்டும் கேளுங்கள்.

ஆளைப் பற்றிக் கேட்க வெட்கமாயிருந்தால், கடதாசியைக் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. வடக்கிலே பல வீடுகளின் சொந்தக்காரர் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். இங்கே இருந்து வாடகை பேசுகிறவர் சித்தப்பாவாகவோ அயலவராகவோ இருப்பார். அவரிடம் அற்றோணித் தத்துவம் இருக்கிறதா, அதில் வாடகைக்குக் கொடுக்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது. உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டுச் சட்டம். நம்மவர்களோ ஒரு வருடப் பணத்தை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, "தெரிந்த ஆக்கள்தானே" என்பார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு கஷ்டம் நிற்கிறது. வீடு ஒன்று, தேடுகிறவர் பத்துப் பேர் என்றால், கேள்வி கேட்கிறவருக்கு வீடு கிடைக்காது. கேளாமல் தலையாட்டுகிறவருக்கே கிடைக்கும். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது யார் யாரை விசாரித்தார்கள்? மாட்டுக்கொட்டிலைக் கூட்டித் தந்தவரைக் கும்பிட்டோம். அதே கொட்டிலுக்கு வாடகை கேட்டவருக்கும் கொடுத்துவிட்டு இருந்தோம். இரண்டு விதமானவர்களின் பெயர்களும் இன்றும் குடும்பங்களில் பேசப்படுகின்றன. ஆகவே, உரிமை இருக்கிறது, போய்க் கேள் என்று ஒரு விதவைத் தாயிடம் சொல்லிவிட்டுக் கையைக் கழுவுவது நீதியாகாது. கேட்கும் நிலையில் இல்லாதவருக்காகக் கேட்கும் நிலையில் இருக்கிறவர்கள் கேட்க வேண்டும்.

நம் பங்குகளில் இது முடியாத காரியம் அன்று. மன்னாரிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கென்று திருநெல்வேலிக்கு வருகிறார்கள். கொழும்புக் கடைகளுக்கும் காரியாலயங்களுக்கும் வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் போடிங் தேடுகிறார்கள். தாய் தகப்பன் புறோக்கரின் சொல்லை நம்பிப் பிள்ளையை ஓர் அறையில் விட்டுவிட்டு அன்றிரவே பஸ் ஏறுகிறார்கள். அந்த ஊர்ப் பங்குத்தந்தைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால், அவர் வின்சென்ட் டி போல் சபையாரையோ மரியாயின் சேனையாரையோ விட்டு விசாரிக்க மாட்டாரா? அவர்கள் வீடு வீடாகப் போகிறவர்கள். முன்பு அந்த அறையில் இருந்த பிள்ளை யார், ஏன் நடுத்தவணையில் எழும்பினாள் என்பது அவர்கள் காதுக்கு எட்டாமலா இருக்கும்? வீட்டுக்காரருக்கு நற்சான்றுக் கடிதம் எழுதுகிற குருவானவர், அக்கடிதத்தைக் கொடுக்கும்போதே, "நீங்களும் அவரைப் பற்றி விசாரித்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

இதனால் நல்ல வீட்டுக்காரருக்கு நட்டம் ஒன்றுமில்லை. பிள்ளை சுகமில்லாமல் கிடந்த மாதம் வாடகையைத் தள்ளிப் போட்டவர்கள், எழும்பும்போது முற்பணத்தைக் கணக்குப் பார்த்து ஒரு சதம் குறையாமல் கையில் வைத்தவர்கள் எங்கள் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய நன்மை யாருக்கும் தெரியாமல், மோசமானவரோடு ஒரே தட்டில் நிறுக்கப்படுகிறது. விசாரிக்கும் வழக்கம் வந்தால் முதலில் மதிப்புப் பெறுகிறவர்கள் இவர்களே.

மோசமான வீட்டுக்காரர்களின் பெயர்களைப் பத்திரிகையில் போட்டால் என்ன என்று கேட்கும் அன்பர்களும் இருக்கிறார்கள். எம் பத்திரிகையில் அது நடவாது. அறிய வேண்டியவருக்குச் சொல்வது கடமை. அறியத் தேவையில்லாத ஆயிரம் பேருக்குச் சொல்வது அந்தக் கடமைக்குள் அடங்காது. அந்த மனிதருக்கும் பாடசாலைக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் நாளைக்குத் திருந்தினால் அச்சில் ஏறிய பெயரை யார் இறக்குவது?

புதிய ஏற்பாட்டில் மிகச் சிறிய நூல்களுள் ஒன்று அருளப்பரின் மூன்றாம் திருமுகம். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். கோயிலில் அதிகம் வாசிக்கப்படுவதில்லை. ஊர் ஊராகப் போகிற சகோதரர்கள் எங்கே தங்குவது என்பதுதான் அதன் விஷயம். முன்பின் தெரியாதவர்களையும் அன்போடு ஏற்றுக்கொள்கிறவர் என்று காயு என்பவர் அதிலே புகழப்படுகிறார். அவரிடம் தங்கியவர்களே திரும்பி வந்து சபையின் முன் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். தியோத்திரேப்பு என்பவரோ தாமும் ஏற்றுக்கொள்வதில்லை, ஏற்றுக்கொள்கிறவர்களையும் தடுக்கிறார் என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. பாவம், அந்த மனிதரின் பெயர் ஆயிரத்துத் தொளாயிரம் ஆண்டுகளாக வாசிக்கப்பட்டு வருகிறது! ஆனால் அருளப்பர் அதை ஊருக்குப் பறைசாற்றவில்லை. அறிய வேண்டிய ஒருவருக்கு, தாம் அறிந்த செய்கைகளை மட்டும் குறிப்பிட்டு எழுதினார். இன்னும் எழுத வேண்டியவை பல இருந்தும், மையும் எழுதுகோலும் கொண்டு எழுத விரும்பவில்லை, விரைவில் நேரில் கண்டு பேசுவோம் என்று அவ்விடத்திலேயே கடிதத்தை நிறுத்திக்கொண்டார்.